இரு மொழிகளில் எடை கூவிய மிஸி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு ஓசை ஒரு பொருட்டன்று. சரக்குப் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் தண்டவாளங்களுக்கும் எங்கள் சமையலறைகளுக்கும் இடையே இருந்தவை ஒரு பெரிய சாக்கடையும் ஒரு கம்பிவேலியும் மட்டுமே. பெட்டியோடு பெட்டி மோதும் ஓசையில் எங்கள் குழந்தைகள் உறங்கின. அது நின்றால்தான் விழித்து அழுதன. அத்தகைய எங்களையே திரும்பிப் பார்க்க வைத்த குரல் ஒன்று இருந்தது. தண்டவாளங்களுக்கு அப்பால் இருந்த தாய்சேய் கிளினிக்கில் பணியாற்றிய ஒரு மிஸியின் குரல் அது.

தாதியரை நாங்கள் மிஸி என்றே அழைத்துப் பழகியவர்கள். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. வெள்ளைச் சட்டையின் மார்பில் குத்தியிருந்த பட்டையில் அது பொறிக்கப்பட்டும் இருந்தது. ஆயினும் அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. அவர் முகம் தெரிவதற்கு முன்பே குரல் வந்து சேர்ந்துவிடும். பட்டையைப் படிக்கும் தேவை எவருக்கும் எழவில்லை.

எண்பதுகளின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் இரயில்வேயின் சரக்கு அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். மிஸி கிள்ளானிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போவார். சற்றே பருத்த உடல், வேகமான நடை, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்த வடைக்காரரிடம் அவர் பேசுவதை வரிசையில் நிற்கும் அனைவரும் கேட்டாக வேண்டும்.

"அண்ணே, மூணு குடுங்க! ரெண்டுதான் சாப்பிடணும்! ஆனா மூணு குடுங்க!"

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்தரங்கமான செய்தி எதையேனும் சொல்ல நேர்ந்தால், அருகில் வந்து, குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "மெல்லச் சொல்றேன், உங்களுக்கு மட்டும்," என்று தொடங்குவார். அந்தத் தொடக்கமே அடுத்த தெருவுக்குக் கேட்டுவிடும். ஒருமுறை எங்கள் வரிசையைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்திக்கு, "மெல்லச் சொல்றேன், உனக்கு மட்டும், ரெட்டைப் பிள்ளைம்மா!" என்று கிளினிக்கினுள் அவர் சொன்னபோது, எதிரே இருந்த காப்பிக்கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த அவள் கணவன் எழுந்து நின்று, கையிலிருந்த தேநீரைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டான். அவனுக்குச் செய்தி சொல்ல வேறொருவர் தேவைப்படவில்லை.

கிளினிக் மண்டபத்தின் அமைப்பையும் சொல்லியாக வேண்டும். எடைக்கருவி வாசற்பக்க மூலையில் நின்றது. எடையை அட்டையில் எழுதும் தாதி, எதிர்க்கோடியில், அங்கிருந்த ஒரே மின்விசிறியின் அடியில் அமர்ந்திருப்பார். இடைப்பட்ட பெஞ்சுகளில் பிள்ளை பெறப்போகும் பெண்களும் பெற்றுவிட்ட பெண்களும் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே எடை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வாய்வழியாகவே பயணம் செய்தது. மிஸி அதை முதலில் மலாயில் கூவுவார்; அது அரசாங்கப் பதிவுக்கு. பிறகு அந்தப் பெண்ணின் தாய்மொழியில் கூவுவார், அது மரியாதைக்கு. சீனப் பெண்களுக்காகக் கந்தோனிய எண்களையும் அவர் கற்று வைத்திருந்தார். இந்த ஏற்பாட்டினால், அம்மண்டபத்தில் எந்தப் பெண்ணின் எடையும் எந்த இனத்தாருக்கும் தெரியாமல் போனதில்லை.

என் மனைவி வசந்தா எங்கள் மூன்றாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது நல்ல பருமனாக இருந்தாள். ஏழாம் மாதத்தில் இரத்தத்தில் சீனி ஏறியிருப்பதாக மருத்துவர் சொன்னார். பிள்ளை பிறந்ததும் அது இறங்கிவிடக்கூடும், இறங்காமல் நிலைத்தும் விடக்கூடும், ஆறாம் வாரத்தில் சோதித்தால்தான் தெரியும் என்றார். வசந்தாவின் தாயார் கிள்ளானை அடுத்த காப்பாரில் இருந்தார். அவருக்கும் சீனி வியாதி. ஒரு காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். தாயின் காலைக் கழுவித் துணி சுற்றிய கைகள் என் மனைவியினுடையவை. அந்தச் சோதனை எங்களுக்கு எத்தகையது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கருவுற்றிருந்த மாதங்களில் மிஸி எடையைக் கூவியதை வசந்தா பொருட்படுத்தியதே இல்லை. "பாதி பிள்ளையோடது," என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவாள். பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்துச் சென்றபோதுதான் வினை வந்தது.

"செம்பிலான் பூலு டுவா!" என்று மிஸி அரசாங்கத்துக்கு அறிவித்தார். "தொண்ணூத்தி ரெண்டு கிலோ!" என்று வசந்தாவுக்கு மரியாதை செய்தார்.

பெஞ்சில் இருந்த ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளிடம், "இந்த அக்காவுக்குப் பிள்ளை பொறந்துருச்சா, இனிமேத்தான் பொறக்கணுமா?" என்றாள். மண்டபம் சிரித்தது. வசந்தா எடைக்கருவியிலிருந்து இறங்கினாள், பிள்ளையைத் தூக்கினாள், வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இனிமே அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்," என்றாள் என்னிடம்.

"சோதனை இருக்கே. இன்னும் ரெண்டே வாரம்."

"எளைச்சிட்டுப் போறேன்."

"ரெண்டு வாரத்துலயா?"

"அப்ப எளைக்கிறப்ப போறேன் லா! சும்மா இருங்களேன்!"

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

அடுத்த வீட்டில் புஷ்பா அக்கா இருந்தார். சிக்னல்காரரின் மனைவி. வீடு வீடாகச் சென்று சத்துப்பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். அவரிடமிருந்து உடல் இளைக்கும் மாவு ஒரு டப்பா வாங்கினேன். கடற்பாசியில் செய்த பச்சை மாத்திரை, பொன்னிற மீனெண்ணெய் உருண்டை, பூண்டு முத்து என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மறுபக்கம், பால் கொடுக்கும் தாய்க்கு உடம்பு தேற வேண்டும் என்று பலரும் சொன்னதால், மால்ட் கலந்த சத்துமாவு இரண்டு வகையும் வாங்கினேன். காப்பாரிலிருந்து மாமியார் பனைவெல்லத்தில் கிண்டிய பிரசவ லேகியத்தை, தாம் தொட முடியாத அந்த இனிப்பை, பெரிய தகரப் பேணி நிறைய அனுப்பிவைத்தார்.

இவற்றை எந்த முறையில் கொடுப்பது? நான் ஆழ்ந்து சிந்தித்தேன். தாய் இளைக்க வேண்டும், பிள்ளை கொழுக்க வேண்டும். எனவே இளைக்கும் மாவையும் தேற்றும் மாவையும் ஒரே கிளாஸ் பாலில் கலக்கி, காலையும் மாலையும் என் கையாலேயே கொடுத்தேன். அவை உள்ளே சென்று தத்தம் பணியைப் பிரித்துக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. சரக்கு அலுவலகத்தில் ஒரே வண்டியில் வெவ்வேறு ஊர்களுக்குப் பெட்டிகள் அனுப்பிப் பழகியவனுக்கு அதில் தவறேதும் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் வசந்தாவுக்குக் குமட்டல் கண்டது. உடை மேலும் இறுகியது. சோதனை நாள் நெருங்கியது, அவளோ அசையவில்லை. அப்போது எனக்கு மிஸியின்மீது சினம் மூண்டது. அந்த ஒரு குரல் இல்லையேல் இவள் சோதனைக்குச் சென்றிருப்பாள் அல்லவா? இரண்டு இரவுகள் அமர்ந்து, அகராதியைத் துணைக்கொண்டு, கிளினிக்கின் தலைமைத் தாதிக்கு மலாயில் ஒரு முறையீடு எழுதினேன். பெண்களின் எடையை ஊரறியக் கூவும் வழக்கத்தைக் கண்ணியத்தின் பெயரால் நிறுத்தும்படி கேட்டிருந்தேன்.

அதைக் கொண்டுசென்ற நாளில் தலைமைத் தாதி விடுப்பில் இருந்தார். உறையை வாங்கிக்கொண்டவர் மிஸி. பிரித்தார். படித்தார். அவருக்கு மனத்துக்குள் படிக்கும் வழக்கமும் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். என் முறையீட்டின் முதல் வரி முதல் கையொப்பம் வரை மண்டபம் முழுவதும் முழங்கிற்று. அதோடு முடியவில்லை. பெஞ்சில் தமிழ்ப் பெண்கள் சிலர் விழித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அவர்கள் பொருட்டு அதைத் தமிழிலும் சொல்லத் தொடங்கினார்.

"என்னா எழுதியிருக்காருன்னா, இங்க ஒரு மிஸி இருக்காங்களாம், அவங்க பொம்பளைங்க எடைய ஊருக்கே கேக்குற மாதிரி..."

அங்கே நின்றார். கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது நானா?"

"ஆமாம்," என்றேன்.

அந்த மண்டபத்தில் மின்விசிறியின் ஓசையை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல், மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு, கிள்ளான் பேருந்தைத் தவறவிட்டு, மிஸி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, குடையை மடக்கி, தம் வாழ்நாளிலேயே மெல்லியதாக அவர் நினைத்திருக்கக்கூடிய ஒரு குரலில் பேசினார்.

"வசந்தா, மன்னிச்சுக்கம்மா."

எதிர் வரிசையில் இரண்டு சன்னல்கள் திறந்தன.

"உள்ள வாங்க மிஸி," என்றாள் வசந்தா, அவரை மன்னிப்பதற்காக அல்ல, மேலும் சன்னல்கள் திறவாமல் இருப்பதற்காக.

மிஸி நாற்காலியில் அமர்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "எங்கப்பா செம்பனை எண்ணெ மில்லுல வேல பார்த்தாரு. மெசின் சத்தத்துல காது போச்சு. வீட்டுல நாங்க எல்லாரும் கத்தித்தான் பேசணும். மெல்லமா பேசுனா, அவரு மேல கோவமா இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு சாப்பிட மாட்டாரு. அப்படியே பழகிப்போச்சு. அசிங்கப்படுத்தணும்னு இல்லம்மா. நானே எம்பது கிலோ!"

கடைசி வாக்கியம் வரிசை முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. வசந்தா சிரித்துவிட்டாள். ஏறக்குறையப் பத்து நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"சரி, என்னா சாப்பிடுற? எடுத்து வை, பார்ப்போம்," என்றார் மிஸி.

நான் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினேன். சற்றுப் பெருமிதத்துடனே அடுக்கினேன் என்று சொல்லலாம். ஏழு டப்பாக்கள். மிஸி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பின்பக்கத்தைப் படித்தார். அவர் எப்படிப் படிப்பார் என்பதை முன்னரே சொல்லியிருக்கிறேன்.

"சத்துமாவு! மொதல்ல போட்டிருக்கிறது மால்ட்! ரெண்டாவது சீனி! இன்னொரு சத்துமாவு! மொதல்லயே சீனி! லேகியம்... இதுக்கு லேபிளே வேணாம், ஈ வந்து சொல்லுது! எளைக்கிற மாவு! இதுல என்னா இருக்குன்னு டப்பாவுல ஒண்ணுமே போடல! யாரு குடுத்தா இத?"

இடைச்சுவருக்கு அப்பால் புஷ்பா அக்கா வீட்டில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

"எப்படிக் குடிக்கிற?"

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் முறையை விளக்கினேன். மிஸி கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டையும் ஒரே கிளாஸ்லயா?"

"ஆமாம்."

"கலக்கியா?"

"ஆமாம்."

அவர் சிரித்த சிரிப்பில் பிள்ளை தொட்டிலில் விழித்துக்கொண்டு, அழாமல், கூரையைப் பார்த்தது. புஷ்பா அக்காவும் சுவருக்கு அப்பால் சிரிப்பது கேட்டது. சிறிது நேரத்தில் அவரே எங்கள் வாசலுக்கு வந்து, "நான் கலக்கச் சொல்லல மிஸி, சத்தியமா!" என்றார்.

சிரித்து முடித்ததும் மிஸி கேட்ட கேள்விதான் என்னைத் தலைகுனிய வைத்தது. "கிளினிக்குல குடுத்த இரும்புச் சத்து மாத்திரை எங்க?"

அது அரிசித் தொட்டியின் பின்னால், பழுப்புக் காகித உறையில், பிரிக்கப்படாமலே கிடந்தது. இலவசமாகக் கிடைத்த மாத்திரையில் என்ன சத்து இருந்துவிடப்போகிறது என்று நாங்கள் இருவரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, முடிவு செய்திருந்தோம்.

மிஸி அந்த உறையை மேசையின் நடுவில் வைத்தார். மற்றவற்றை ஓரத்துக்குத் தள்ளினார். "மீனெண்ணெய், பாசி, பூண்டு, இதெல்லாம் என்னா செய்யும்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். டாக்டர கேளுங்க. ஆனா சீனி என்னா செய்யும்னு தெரியும். பால் குடுக்கிறவ, டப்பாவுல என்னான்னு போடாதத சாப்பிடக் கூடாது, அதுவும் தெரியும். இரும்பு மாத்திரைய போடு. சோத்த கொறைச்சு கீரையும் மீனும் சேத்துக்க. பட்டினி கெடக்காத. புள்ளைக்குப் பால் குடு. சாயங்காலம் நட. முக்கியமா டெஸ்டுக்கு வா."

"வரேன்," என்றாள் வசந்தா. "ஆனா எடைய கத்தக் கூடாது."

மிஸி வசந்தாவின் கையை நீட்டச் சொல்லி அதன்மேல் அறைந்து சத்தியம் செய்தார். அந்த அறைகூடச் சற்று ஓசையாகத்தான் இருந்தது.

சோதனை நாளன்று நானும் உடன் சென்றேன். வசந்தா வெறும் வயிற்றோடு சென்று இரத்தம் கொடுத்தாள். இனிப்பு நீரைக் குடித்தாள். இரண்டு மணி நேரம் காத்திருந்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். இடையில் எடை. அவள் கருவியில் ஏறினாள். மிஸி எண்ணைப் பார்த்தார். வாய் திறந்தது, பழக்கத்தால் நெஞ்சும் விரிந்தது. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு, பேனாவை எடுத்து, எண்ணைத் தம் உள்ளங்கையில் எழுதி, மண்டபத்தின் நீளத்தைக் கடந்து நடந்து, மின்விசிறியின் அடியில் இருந்த தாதியிடம் கையை விரித்துக் காட்டினார்.

அவர் ஆயிரம் முறை கூவியிருந்தாலும் இவ்வளவு பேர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மிஸி, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் கையில எழுதுறீங்க? எனக்கும் எழுதுங்க," என்றாள் அடுத்தவள். முன்பு பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேலி செய்தவளும் அன்று வரிசையில் இருந்தாள். தனக்கும் அப்படியே எழுத வேண்டும் என்று கையை உயர்த்தியவள் அவள். மிஸி ஒவ்வோர் எண்ணுக்கும் நடந்தார். உள்ளங்கை நிறைந்ததும் முன்கையில் எழுதினார். பதினொரு மணிக்கு அவரது இடது கை முழங்கைவரை கணக்குப் புத்தகமாகியிருந்தது. வியர்வையில் ஒரு சீனப் பெண்ணின் எடை ஒரு மலாய்ப் பெண்ணின் எடையோடு கலந்துபோக, இருவரும் மீண்டும் ஏறி இறங்கினார்கள். இறுதியில் தலைமைத் தாதி வெளியே வந்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, மேசையைத் தூக்கி எடைக்கருவியின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒரு மேசையை நகர்த்தினால் தீர்ந்திருக்கும் என்பது அதுநாள்வரை எங்கள் எவருக்கும் தோன்றவில்லை. இரண்டு இரவுகள் அகராதி புரட்டிய எனக்கும் தோன்றவில்லை.

சோதனை முடிவு இரண்டு நாள் கழித்து மாலையில் வரும் என்றார்கள்.

"சுத்தி வந்தா பஸ் போயிரும். நான் அந்தப் பக்கத்து வேலியில நின்னே சொல்லிர்றேன்," என்றார் மிஸி. "கத்தலாமா?"

"எடையத்தானே கத்தக் கூடாதுன்னேன்," என்றாள் வசந்தா. "இத கத்துங்க."

அந்த மாலை வசந்தா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்வாசல் வேலியருகே நின்றாள். நான் பக்கத்தில். புஷ்பா அக்கா அவருடைய வேலியருகே. மற்றவர்கள் துணி எடுப்பதுபோல வெளியே வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் துணி காய்ந்திருந்தது. தண்டவாளங்களுக்கு அப்பால் கறுப்புக் குடை தெரிந்தது. மிஸி குடையை மடக்கினார். கையிலிருந்த தாளை உயர்த்தினார். நெஞ்சை விரித்தார்.

அக்கணத்தில் சரக்கு வண்டி வந்தது.

கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் வண்டி. அன்று பிற்பகல் அதற்குரிய தாள்களை எழுதியவனே நான்; முப்பத்தெட்டுப் பெட்டிகள் என்று என் கைப்படவே எழுதியிருந்தேன். அந்தக் குரலை வெல்லும் ஆற்றல் உலகில் ஒன்றுக்கு உண்டென்றால் அது என் இலாகாவுக்கு உண்டு என்பதை அன்று அறிந்தேன். பெட்டிகளின் இடைவெளிகளில் மிஸி துண்டு துண்டாகத் தெரிந்தார். வாய் திறந்திருந்தது. அடுத்த இடைவெளியில் தாளை ஆட்டினார். அதற்கடுத்ததில் கையை இப்படியும் அப்படியும் வீசினார்.

"இல்லங்கிறாங்க," என்றாள் வசந்தா. "நல்லா இல்லங்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க லா!" என்றார் புஷ்பா அக்கா.

"வெயிலுக்குக் கண்ண சுருக்கிறாங்க க்கா. எங்கம்மா மாதிரி ஆயிருமா?" வசந்தாவின் கை என் சட்டையைப் பற்றியது. நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு. இருபத்தேழு. வாழ்நாளில் எந்தச் சரக்கையும் அவ்வளவு கவனமாக நான் எண்ணியதில்லை. முப்பத்தெட்டாவது பெட்டியும் கடைசியிலிருந்த கார்டு பெட்டியும் கடந்தன. மிஸி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அத்தனை நேரமும் கத்தியிருக்கிறார். மறுபடியும் நெஞ்சை விரித்தார்.

"கென்சிங் மானிஸ் தாடா!"

தண்டவாளங்களுக்கு அப்பாலும் முறை தவறவில்லை. முதலில் அரசாங்கத்துக்கு. எங்கள் எல்லாருக்கும் அந்த மலாய் புரிந்தது. ஆயினும் வசந்தா அசையாமல் நின்றாள், தனக்குரியது வரட்டும் என்று.

"வசந்தா! சீனி வியாதி இல்லம்மா! நார்மல்!"

வரிசை முழுவதும் கை தட்டியது. வசந்தா அழுதாள், சிரித்தாள், பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுப் புஷ்பா அக்காவை வேலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"மெல்லச் சொல்றேன், உனக்கு மட்டும்!" என்று அப்பாலிருந்து மீண்டும் வந்தது. "இது திரும்பி வரலாம்! வருசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுக்கணும்! எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுச்சு மிஸி!" என்றது குடியிருப்பு.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும், "அக்கா, டெஸ்டுக்குப் போயாச்சா?" என்று சிக்னல்காரர் முதல் ரொட்டி விற்பவர் வரை கேட்டார்கள். அவள் மறக்க வழியே இல்லாமல் போயிற்று. புஷ்பா அக்கா டப்பா விற்பதை விடவில்லை. ஆனால் பின்பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டே விற்றார், அதுவும் உரக்க. மிஸி மூன்றாண்டுகளில் கிள்ளானுக்கே மாற்றலாகிச் சென்றுவிட்டார். கடைசி நாளில் மூன்று வடை வாங்கினார் என்று வடைக்காரர் சொன்னார். அவர் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே கேட்டது.

தொண்ணூறுகளில் நாங்கள் பெட்டாலிங் ஜெயாவுக்குக் குடிபெயர்ந்தோம். அவ்வாண்டுச் சோதனைக்கு அங்கிருந்த புதிய கிளினிக்குக்குப் போனோம். எடைக்கருவியில் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன. இளம் தாதி ஒருத்தி அவற்றைக் கையால் மறைத்துப் பார்த்து, ஓசையின்றி எழுதிக்கொண்டாள். நான் மண்டபத்தின் எதிர்க்கோடியில் அமர்ந்திருந்தேன். வசந்தா கருவியைவிட்டு இறங்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். நெஞ்சை விரித்தாள்.

"துஜோ பூலு லாப்பான்!"

மண்டபம் திடுக்கிட்டுத் திரும்பியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, மரியாதைக்காக,

"எழுபத்தெட்டு கிலோ!"